முப்பது லட்சம் ஷில்லிங்கும் ஒரு காதுகுத்தும்

தான்சானியாவில் நான் லட்சாதிபதி. அங்கே ஒரு டீக்கே ஐநூறு, ஆயிரம் என்று எண்ணி வைக்க வேண்டும் என்பதால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முப்பது சொச்சம் ஷில்லிங் கொடுத்தால்தான் நம்மூர் ஒரு ரூபாய் கிடைக்கும். டொடோமா பக்கத்துக் காட்டில் போர்வெல் ரிக் வண்டிக்கு மெக்கானிக்காக இரண்டு வருஷம் கிரீஸில் புரண்டு, அந்த ஊர் பேங்க்கில் முப்பது லட்சம் ஷில்லிங் சேர்த்து வைத்திருந்தேன். ரூபாயில் சொன்னால் ஒரு லட்சம். சொல்லாமல் விட்டால் முப்பது லட்சம்.

சம்பளத்தில் பாதியைக் கம்பெனி இங்கேயே ரூபாயாகப் போட்டுவிடும். அதை வீட்டுக்கடன் மாசாமாசம் வழித்துக்கொண்டு போய்விடும். மீதிப் பாதிதான் அங்கே ஷில்லிங்காக வரும். அப்பப்போ ஊருக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் நாமக்கல்காரன் சாமி. விலை இறங்கிக் கிடக்கும்போது எந்தச் சரக்கையும் விற்க எங்களுக்குக் கை வராது. ஷில்லிங் ஏறட்டும், ஏறட்டும் என்று இரண்டு வருஷம் குந்தியிருந்தேன். அது ஏறுகிற வழியாகத் தெரியவில்லை.

இந்தத் தடவை ஊருக்கு வந்தது என் தங்கச்சி கோமதியின் மகள் மித்ராவுக்குக் காது குத்துவதற்காக. பாப்பாவுக்கு மூன்று வயசு. தாய்மாமன் வாங்கி வரும் தோட்டை, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் போடுவது எங்கள் வழக்கம். சிக்னல் கிடைத்த சந்தோஷத்தில் ஒருநாள் போனில், "ஒரு பவுன்ல தோடு போடறேன் கோமதி" என்று அள்ளி விட்டிருந்தேன். அப்போது தங்கம் மனுஷன் வாங்குகிற விலையில் இருந்தது. இப்போது ஒரு பவுன் லட்சத்தை நெருங்கிவிட்டது.

நான் வராவிட்டால் மடிக்குப் பஞ்சம் என்றும் இல்லை. சித்தப்பா மகன் செல்வராசு இருக்கிறான். இரண்டு லாரிக்கு ஓனர். எனக்குத் தம்பி முறை என்றாலும் பாப்பாவுக்கு அவனும் மாமன்தானே. போன மாசம் கோமதி கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, நீங்க வாரீங்களா, இல்ல செல்வராசு மடியிலயே உக்கார வெச்சுரட்டுங்களா? எதுன்னாலும் நேராச் சொல்லிப்போடுங்க."

எனக்குக் குப்பென்று ஏறிவிட்டது. என் கூடப் பிறந்தவள் பெற்ற பிள்ளைக்கு எவன் மடி? அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டொடோமாவாக இருந்தால் இந்நேரம் தலதலா என்ற மினி பஸ்ஸில் கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றிருப்பேன். பதினாறு பேர் வண்டியில் நாற்பது பேரைத் திணித்துவிட்டு, "காலியாகத்தான் இருக்கிறது, ஏறுங்கள் அம்மா" என்று அங்கே கண்டக்டர் சுவாஹிலியில் கத்துவான். இங்கே தமிழில் கத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்ப்பாசம் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்து ஓட்டலில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் ரூபாய் இல்லை. மூன்று ஏடிஎம் என் கார்டைச் சொருகிய வேகத்தில் துப்பிவிட்டன. நாலாவது மெஷின் ரொம்ப நேரம் உறுமிவிட்டுப் பத்தாயிரம் கொடுத்தது. ஒரு தடவைக்கு அவ்வளவுதான். உடனே டொடோமாவிலிருந்து மூன்று மெசேஜ் வந்து விழுந்தது. மூன்று லட்சத்துச் சொச்சம் ஷில்லிங் எடுத்ததற்கு நன்றி என்றது முதல் மெசேஜ். அதற்குக் கட்டணம் பிடித்ததாக இரண்டாவது. அந்தக் கட்டணத்துக்கு வரி பிடித்ததாக மூன்றாவது. அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். போனில் காட்டிய ரேட்டுக்கும் பேங்க்காரன் போட்ட ரேட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை.

என்னைக் கூட்டிப்போகத் தங்கச்சி வீட்டுக்காரர் தங்கவேல் பைக்கில் வந்திருந்தார். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். முட்டைக் கோழி. தங்கமான மனுஷர். ஆனால் முட்டை ரேட்டை வைத்துத்தான் உலகத்தில் எல்லாவற்றையும் பார்ப்பார். போகிற வழியில் நான் என் புலம்பலை ஆரம்பித்தேன்.

"போன்ல ஒரு ரேட் காட்டுது மாப்ளே, பேங்க்ல வேற ரேட் போடறான்."

அவர் பைக்கை ஓரங்கட்டி நிறுத்தியே விட்டார். "அதானுங்க மச்சான் மைனஸு!"

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நாமக்கல்லில் முட்டைக்கு அறிவிக்கிற விலை ஒன்று. வியாபாரி பண்ணைக்கு வந்து, அதில் இத்தனை காசு குறைத்துத்தான் எடுப்பார். அந்தக் குறைப்புக்குத்தான் மைனஸ் என்று பேர். பண்ணைக்காரர்கள் அறிவிப்பு விலையைவிட அந்த மைனஸைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள், திட்டுவார்கள்.

"உங்க காசுக்கும் மைனஸ் போட்டு எடுக்கறானுங்க. இப்ப எடுத்தீங்கன்னா அவன் இழுத்த இழுப்புக்குப் போன மாதிரி. ஹோல்டு பண்ணுங்க."

"ஞாயித்துக்கெழமை காதுகுத்துங்களே."

"அட, நடுவுல நாலு நாள் கெடக்குதுங்க. முட்டையவே நாங்க நாலு நாள் வெச்சுப் பாக்கறோம். முட்டையாச்சும் கெட்டுப்போகும். காசு கெட்டா போகுது?"

படிக்காதவன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் பி.காம். நானும் தலையாட்டினேன்.

மத்தியானம் கோமதி சுடச்சுடக் களி கிண்டி வைத்திருந்தாள். "ரெண்டு வருசமா இதையெல்லாம் கண்ணுல பாத்திருக்க மாட்டீங்கண்ணா" என்று மூன்று உருண்டை போட்டாள். எப்படிச் சொல்வேன்? தான்சானியாவில் காலை, மாலை என்று எந்நேரமும் உகாலிதான். மக்காச்சோள மாவில் கிண்டுகிற களி. அதைத் தின்று தின்று கனவில்கூட உருண்டை பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு தோசைக்காக ஏழு கடல் தாண்டி வந்து களியில் கை வைத்தேன். ஆனால் ஒன்று, இங்கே கீரைக் கடைசலில் உப்பு, காரம், பூண்டு எல்லாம் இருந்தது. அதற்காகவே நாலாவது உருண்டையும் வாங்கிக்கொண்டேன்.

மித்ரா கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மாமனப் போன்ல பாத்திருக்கிறயில்ல சாமி?" என்று கோமதி கேட்டாள். பாப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த மாமா சின்னதா இருப்பாங்க" என்று உள்ளே ஓடிவிட்டது.

புதன்கிழமை. ரேட் ஏறுகிறதா என்று பார்க்க மாப்பிள்ளை என் போனைத் தானே வைத்துக்கொண்டார். எருமப்பட்டியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என் பேங்க்கிலிருந்து கணக்கு இருப்பு மெசேஜ் வந்தது. சுவாஹிலி படிக்கத் தெரியாவிட்டாலும் எண் படிக்கத் தெரியாத ஊரா இது?

"மச்சான், இருவத்தாறு லட்சத்து எம்பதாயிரம்!" என்று டீ மாஸ்டர் வரை கேட்கும்படி வாசித்தார்.

அவருக்கு அது ஷில்லிங் என்று தெரியும். கேட்டவர்களுக்கு? சாயங்காலத்துக்குள் அது முப்பதாகிவிட்டது. மைனஸ் போடாத ஊர் வாய்! முதலில் ஒரு புரோக்கர் வந்தார். ரோட்டோரம் ரெண்டு சைட்டு இருக்கிறது, பாதிப் பணம் இப்பக் கொடுத்தால் போதும் என்றார். நான் விளக்கினேன்.

"அது ஷில்லிங்குங்க. முப்பதுக்கு ஒரு ரூவா."

"ஷில்லிங்னா பவுண்டாட்டம் பெரிய காசுங்களா?"

"பெருசில்லீங்க, சின்னது."

"தெரியுமுங்க. காசு வெச்சிருக்கறவங்க எல்லாருமே சின்னதுன்னுதான் சொல்லுவாங்க." ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

அடுத்து கோயில் கமிட்டிக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, என் பேரை எழுதிவிட்டுத் தொகைக்கு மட்டும் இடம் விட்டு நீட்டினார். ஐந்நூற்றொன்று என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "டாலருங்களா?" என்று கேட்டார்.

இதெல்லாம் சிரிப்பு. செல்வராசு வந்ததுதான் சிரிப்பாக இல்லை. லுங்கியோடு நேராக லோடு இறக்கிவிட்டு வந்திருந்தான்.

"முப்பது லட்சமாமாங்ணா? நல்லாருங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? பாப்பா தோட்டுக்கு நான் கடையில அட்வான்ஸ் கட்டி வெச்சிருந்தேன். நீங்க வராம போயிட்டா புள்ள வெறுங்காதோட நிக்கக்கூடாதுன்னுட்டு. இன்னைக்குத்தான் வேண்டாம்னு போன்ல சொல்லிப்போட்டு வாரேன்."

அவனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சின்ன வயசிலிருந்து எல்லாவற்றிலும் என்னைவிட ஒரு படி மேலே இருந்தவன், அன்றைக்கு என்னை அண்ணாந்து பார்த்தான். அந்த சுகத்தில் வாயை மூடிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வியாழக்கிழமை ஷில்லிங் இறங்கியது. தங்கம் ஏறியது. மாப்பிள்ளை காலையிலிருந்து மூன்று ரேட் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை, ஷில்லிங், தங்கம். முட்டை மட்டும் நகராமல் நின்றது.

"அந்தூர்ல புரட்டாசி மாதிரி ஏதாச்சும் நடக்குதுங்களா மச்சான்?" என்று கேட்டார். புரட்டாசியில் ஊரே கவுச்சியை விட்டுவிடும், முட்டை விலை விழும். பாவம், அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

"ஒரு நாட்டுக் காசு புரட்டாசிக்கு எறங்குமா மாப்ளே?"

"எறங்குனா ஏறித்தானுங்களே ஆகோணும்!"

கோயில் வேலையாக மோகனூர் போன இடத்தில், அவருக்குத் தெரியாமல் ஏடிஎம்முக்குள் நுழைந்தேன். காசு இல்லை என்று அட்டை தொங்கியது. வெளியே வாட்ச்மேன், "காலையிலயே வந்திருந்தா கெடச்சிருக்குமுங்க. ஆலையில சம்பளம் போட்டாங்க, வழிச்சுட்டாங்க" என்றார். வெளியே பைக் மேல் மாப்பிள்ளை உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோல்டு பண்ணச் சொன்னவனிடம் திருட்டுத்தனமா என்ற பார்வை. ஐஸ்கிரீம் வாங்கத்தான் இறங்கினேன் என்று சொல்லி, வேண்டாத ஐஸ்கிரீமை இரண்டு பேரும் தின்றோம்.

சாயங்காலம் கோமதி பொறுமை இழந்தாள். "ரெண்டு பேரும் என்ன பண்ணீட்டு இருக்கறீங்க? நாளைக்குச் சேலம் போறீங்க, தோட்டோட வாரீங்க. இல்லைன்னா ஊட்டுக்குள்ள வர வேண்டாம்."

வெள்ளிக்கிழமை. சேலம் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை பேசுவதே கேட்கவில்லை. அது ஒரு நிம்மதி. ராசிபுரம் தாண்டியதும் வண்டி பஞ்சர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். தான்சானியாவில் வண்டி நின்றால் ஜனங்கள் சட்டென்று மரத்தடியில் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். நம் ஆட்கள் இருபது பேரும் டயரைச் சுற்றி நின்று டிரைவருக்கு யோசனை சொன்னார்கள். நானும் இரண்டு சொன்னேன். மெக்கானிக் ஆயிற்றே, கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

சேலத்தில் இறங்கி அம்மாப்பேட்டைக்குப் போனோம். மாப்பிள்ளைக்குத் தெரிந்த நகைக்கடை அங்கேதான். முதலில் தள்ளுவண்டியில் ஆளுக்கு இரண்டு தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலையும் காரச் சட்னியையும் வைத்து அமுக்கித் தருவார்கள். கடித்தால் நொறுங்கும், காரம் மூக்கில் ஏறும். இரண்டு வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. சட்டையெல்லாம் பீட்ரூட் கறையோடு ஏடிஎம்முக்குள் போனோம்.

இந்த மெஷின் வெளியூர்க் கார்டைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்டது. பத்தாயிரம் ரூபாய்க்கு இத்தனை ஷில்லிங் என்று தன் ரேட் ஒன்றைப் போட்டு, சம்மதமா, சம்மதமில்லையா என்றது. மாப்பிள்ளை திரையைப் பார்த்து நிமிர்ந்தார்.

"மெஷினே ரேட் சொல்லுதுங்க! மைனஸ் ஜாஸ்தி மச்சான். வேண்டாம்னு அமுத்துங்க."

அமுக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தார். "நடங்க. திரும்பிப் பாக்காதீங்க. தேவைப்படறவனாட்டம் காட்டிக்கவே கூடாது. வியாபாரி பின்னாலயே வருவான்."

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் இரண்டடி நடந்தோம். பின்னால் மெஷின் கடகடவென்று எண்ணிப் பணத்தைத் தள்ளியது. மெசேஜ் வந்தது. மெஷின் சொன்னதைவிடக் குறைவாகத்தான் ஷில்லிங் போயிருந்தது! சம்மதமில்லை என்றால், நம் பேங்க்கே அதன் ரேட்டில் கணக்குப் பார்த்துக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது. "எறங்கி வந்துட்டான் பாத்தீங்களா!" என்று தொடையைத் தட்டினார்.

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, நாலாம் தடவை. ஒவ்வொரு தடவையும் ஓரடி கூட நடந்தோம். நாலு பத்தாயிரம் வந்துவிட்டது. முன்பே எடுத்ததோடு சேர்த்து ஐம்பது. எனக்கும் போதை ஏறிவிட்டது. ஐந்தாம் தடவை கார்டைச் சொருகி, எண் எல்லாம் அமுக்கி, ரேட் வந்ததும் மாப்பிள்ளை காதோடு சொன்னார்.

"இந்தத் தடவை பட்டனே அமுத்த வேண்டாம். பேசாம வெளிய போயிருவோம். அவன் என்னதான் பண்றான் பாப்போம்."

போனோம். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று, எங்களுக்கும் அந்த மெஷினுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ரோட்டைப் பார்த்தோம். மாப்பிள்ளை ஒரு விசில்கூட அடித்தார். உள்ளே பீப் என்று சத்தம் வந்தது. "கூப்பிடறான், பொறுங்க" என்றார். மறுபடி பீப். மறுபடி பீப். அப்புறம் சத்தமில்லை. உள்ளே ஓடினோம். வரவேற்கிறோம் என்று திரை பளிச்சென்று நின்றது. கார்டை மெஷின் விழுங்கிவிட்டது.

நான் அந்த மெஷினைக் கையால் அறைந்தேன். மாப்பிள்ளை அதனிடம், "செரி, நீ சொன்ன ரேட்டுக்கே குடுத்துரு சாமி" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் டொடோமா பேங்க்குக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் முதலில் போலே சானா என்றாள். ரொம்ப வருத்தம் என்று அர்த்தம்.

"கார்டு எங்கே இருக்கிறது?" என்று சுவாஹிலியில் கேட்டாள்.

"மெஷினுக்குள்."

"மெஷின் எங்கே இருக்கிறது?"

"இந்தியாவில்."

"நீங்கள்?"

"நானும் இந்தியாவில்தான்."

"நல்லது. டொடோமா கிளைக்கு நேரில் வாருங்கள். அரை மணி நேரத்தில் புதுக் கார்டு தருகிறோம்."

நான் அவளிடம் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காது குத்துகிறோம் அம்மா என்றேன். அவள் மனசார வாழ்த்திவிட்டு வைத்துவிட்டாள். முன் சீட்டுப் பெரியவர் திரும்பி, "எந்தூருப் பேச்சுங்க சாமி இது?" என்றார். ஆப்பிரிக்கா என்றேன். "அழுகறது மட்டும் நம்மூராட்டமே இருக்குதுங்க" என்றார்.

வீட்டில் மாப்பிள்ளை மனசு கேட்காமல், மீதி ஐம்பதைத் தானே தருவதாகச் சொன்னார். கோமதி அவரை ஒரு முறை முறைத்தாள்.

"புள்ளையப் பெத்தவன் காசுல மாமன் தோடு போட்டா அது பேரு சீருங்களா? அதுக்கு நானே கடைக்குப் போயி வாங்கி மாட்டியுட்டுப் போடுவேனே. கடன் வாங்கியும் போட வேண்டாம். மாமன் தோடுன்னா மாமன் காசா இருக்கோணும்."

"ஐம்பதுக்கு அரைப் பவுன் வாங்கிக்கறனே."

"ஊரெல்லாம் முப்பது லட்சம்னு பேசுது. அரைப் பவுனக் கொண்டாந்து வெச்சா, தங்கச்சின்னா இளக்காரம்னு சொல்ல மாட்டாங்களா?" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். பிறகு திரும்பினாள்.

"காது ரெண்டு இருக்குதுல்ல? மாமனும் ரெண்டு இருக்குது. போயி செல்வராசப் பாருங்க."

சனிக்கிழமை காலை நான் செல்வராசு வீட்டுக்குப் போனது என் வாழ்க்கையிலேயே நீளமான பயணம். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். அவன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். அவன் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. நின்றபடியே லாரியிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது லட்சம் இல்லை, ஒரு லட்சம். அதிலும் பாதி மெஷினில். அன்றைக்கு நீ கேட்டபோது வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன், மன்னிச்சுக்கோ.

"போன வருசம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப இந்த வண்டியிலதானுங்ணா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "அப்ப யாரும் மடி யாருதுன்னு கேக்கலை."

அவன் வெளியே வந்து கையைத் துடைத்தான். "ஒத்தக் காது எனக்கா?" என்றான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

அந்த லாரியிலேயே நாமக்கல் போனோம். கடைக்காரரிடம் ஒரு பவுனில் ஒரு ஜோடி, ஆனால் இரண்டு பில், ஒத்தத் தோட்டுக்கு ஒன்று என்றோம். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இத்தன வருசத்துல ஒத்தத் தோடு தொலைச்சவங்க வந்திருக்காங்க. ஒத்தத் தோடு வாங்க வந்தது நீங்கதானுங்க" என்றார். எடை போட்டால் ஒன்று மற்றதைவிடத் துளி கூட இருந்தது. அது யாருக்கு என்று இரண்டு பேரும் கால் மணி நேரம் சண்டை போட்டோம். இரண்டு பேருக்கும் அது வேண்டாம். காசு போதாது.

ஞாயிற்றுக்கிழமை மோகனூர் ஆற்றோரம், எங்கள் குலசாமி கோயில். பந்தல், மைக், ஒரு பக்கம் கிடா வெந்துகொண்டிருந்தது. மித்ராவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். அதற்கே அழுது ஓய்ந்திருந்தாள். கூட்டம் முழுக்க என் பையைத்தான் பார்த்தது. முப்பது லட்சத்துக்கு என்ன வரும் என்று பார்க்க வந்த கூட்டம். கோமதி மைக்கை வாங்கி, "ரெண்டு மாமனும் ஆளுக்கொரு காதுக்குத் தோடு போடறாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டாள். கொஞ்சம் சலசலப்பு. ஒரு பாட்டி, "இதுவும் நல்லாத்தான் இருக்குது, ரெண்டு பக்கமும் ஆளு" என்றதும் அடங்கியது.

முதல் காது யாருக்கு? அண்ணன் நான் இருக்கிறேன் என்று முன்னால் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். பாப்பா என்னிடம் வர மாட்டேன் என்று செல்வராசு கழுத்தைக் கட்டிக்கொண்டது. இழுத்தால் வீறிட்டது. கடைசியில் நான் எழுந்து அவனுக்கு இடம் விட வேண்டியதாயிற்று. ஊர் பார்க்க, என் உரிமையிலிருந்து நானே எழுந்து நின்றேன். எவ்வளவு சிரித்தாலும் அது வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது?

செல்வராசு மடியில் நிம்மதியாக உட்கார்ந்தது பாப்பா. ஆசாரி ஒரு வாழைப்பழத்தைக் காட்டி, மறு கையால் ஒரே குத்து. அப்படி ஒரு அலறல். கிடாகூட அப்படிக் கத்தியிருக்காது. அடுத்த நொடி செல்வராசு கையைக் கடித்து, மடியிலிருந்து வழுக்கி, பந்தலைக் குறுக்கே வெட்டி ஓடி வந்தது. அம்மாவிடம் போகவில்லை. அப்பாவிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து, சட்டையை இரண்டு கையாலும் பிடித்து, என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தூக்கி அணைத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடிபட்ட கையை உதறிக்கொண்டிருந்த செல்வராசை ஒரு பார்வை பார்த்தேன். பார்க்கத்தான் செய்தேன், பொய் சொல்வானேன்? மொட்டைத் தலையைத் தடவி, "மாமன் இருக்கறேன் சாமி. ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்றேன்.

சொல்லும்போதே ஆசாரி எனக்குப் பின்பக்கமாக வந்து நின்றார். தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்படி கண்ணைக் காட்டினார். நான் கோமதியைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். இரண்டு கையாலும் பாப்பாவின் தலையைப் பிடித்தேன். அது என் பிடியை அணைப்பு என்று நினைத்து இன்னும் ஒட்டிக்கொண்டது. ஆசாரி குத்தினார்.

இந்தத் தடவை அலறல் வரவில்லை. மெதுவாக முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கண்ணீர் நின்றிருந்தது, உதடு மட்டும் துடித்தது. மைக்கில் பாட்டு நின்றிருந்த நேரம். ஊரே கேட்டது.

"மாமா, நீ உங்கூருக்கே போயிரு."

சொன்னாளே தவிர, என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.